பேங்க் போட்ட பாலிசி போதுமா? அம்பத்தூரில் இருந்து ஒரு லேத் பட்டறைக்காரன்

கேள்வி, 22.1.2024
ஆவடி பக்கம் சின்னதா ஃபேப்ரிகேஷன் யூனிட் ஆரம்பிக்கிறேன். ஆறு பேர் வேலைக்கு. மெஷின் லோனோட பேங்க்லயே இன்சூரன்ஸும் போட்டுட்டாங்க. சட்டப்படி இதுக்கு மேல கட்டாயமா ஏதாவது எடுக்கணுமா? ஏஜென்ட் ஒருத்தர் ஆறு பாலிசி பேர் சொல்றாரு. காசு பிடுங்கப் பாக்குறாரோன்னு தோணுது.

22.1.2024, இரவு
கட்டாயம்னு எதுவும் கிடையாது தம்பி. ஃபயர் பாலிசி எடுக்கலைன்னு எந்த அதிகாரியும் வந்து ஷட்டரைப் பூட்ட மாட்டார். பேங்க் கேட்கும், அது கொடுத்த கடனுக்காக. அந்த பாலிசியை நம்பி நீங்க உட்கார்ந்தீங்கன்னா என் கதைதான் உங்களுக்கும். போன டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குள்ள என் பட்டறையில இடுப்பளவு தண்ணி. இன்னும் க்ளைம் முடியலை. விவரமா பிறகு எழுதுறேன், இப்ப தூக்கம் வருது.

23.1.2024
நேத்து அவசரத்துல தப்பா எழுதிட்டேன். "எதுவும் கிடையாது"ன்னது தப்பு.

வண்டி இருந்தா, டாடா ஏஸோ டூ வீலரோ, மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாம ரோட்டுல இறக்கக் கூடாது. அது மோட்டார் வாகனச் சட்டம். பத்து பேர் வேலை செஞ்சா ஈ.எஸ்.ஐ. கட்டாயம். சம்பளம் 21,000 வரைக்கும் உள்ளவங்களுக்கு முதலாளி 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம். ஒரு தடவை உள்ள போயிட்டா அப்புறம் ஆள் எட்டாக் குறைஞ்சாலும் வெளிய வர முடியாது. ஆபத்தான ரசாயனம் குறிப்பிட்ட அளவுக்கு மேல வச்சிருந்தா 1991 பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் வரும். போபாலுக்குப் பிறகு வந்த சட்டம். ஃபேப்ரிகேஷனுக்கு அது அனேகமா பொருந்தாது. கெமிக்கல் வச்சுப் பிளேட்டிங் பண்றவங்க மட்டும் கவனிக்கணும்.

ஆறு பேர்னா ஈ.எஸ்.ஐ. இல்லை. "அப்பாடா"ன்னு பெருமூச்சு விடாதீங்க. ஈ.எஸ்.ஐ. இல்லாத இடத்துலதான் தலைவலி பெரிசு, அதுக்குத் தனியா வர்றேன்.

27.1.2024
பேங்க் பாலிசி பத்தி.

2021 ஏப்ரல் 1-லிருந்து சின்ன யூனிட்டுக்கெல்லாம் ஒரே மாதிரி பாலிசி. ஒரே இடத்துல இருக்கிற சொத்து 5 கோடி வரைக்கும்னா "பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா". அதுக்கு மேல 50 கோடி வரைக்கும் "பாரத் லகு உத்யம்". பேரைப் பார்த்துட்டு எங்க ஃபோர்மேன், "என்ன சார், டிடி நேஷனல் சீரியலா?"ன்னாரு. ஆனா உள்ள இருக்கிறது பரவாயில்லை. தீ, இடி, வெடிப்பு, புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம் எல்லாம் உள்ளயே வருது.

இதோட அருமை 2015 பார்த்தவங்களுக்குத்தான் தெரியும். அப்ப இருந்த பழைய ஃபயர் பாலிசியில புயல், வெள்ளத்தை வேணாம்னு கழிச்சுக்கலாம், பிரீமியம் குறையும். என் ஏஜென்ட் "அம்பத்தூர்ல எங்க சார் வெள்ளம்"னு கழிச்சுட்டாரு. சில நூறு ரூபாய் மிச்சம். நானும் சந்தோஷமாக் கையெழுத்துப் போட்டேன். அந்த டிசம்பர்ல வந்த தண்ணிக்கு ஒத்தைப் பைசா வரலை. அந்த ஏஜென்ட்டை இன்னும் கல்யாணங்கள்ல பார்க்கிறேன். ரெண்டு பேரும் வெள்ளத்தைத் தவிர மத்ததெல்லாம் பேசுவோம்.

ஆக இந்தத் தடவை வெள்ளம் உள்ள இருக்கு, கவலையில்லைன்னு நினைச்சேன்.

28.1.2024
நஷ்டத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்புற சர்வேயர் வந்த நாள்.

புயல் 4-ம் தேதி. 6-ம் தேதிதான் டவர் கிடைச்சுது, அன்னைக்கே கம்பெனிக்குத் தகவல் சொன்னேன். அவர் வந்தது 13-ம் தேதி. அதுக்குள்ள லேத் பெட் மேல செந்துரு பூத்துடுச்சு. ஆரஞ்சு கலர்ல, தொட்டா விரல்ல ஒட்டுற மாதிரி. சுவத்துல கூலன்ட் எண்ணெய் மிதந்து நின்ன கோடு, கரெக்டா மோட்டாருக்கு மேல நாலு அங்குலம். அந்தக் கோட்டை டேப் வச்சு போட்டோ எடுத்து வச்சிருந்தேன், நான் உருப்படியாப் பண்ணது அது ஒண்ணுதான். பெரிய லேத் சக்குக்குள்ள விரால் குஞ்சு ஒண்ணு செத்துக் கிடந்துச்சு. கொரட்டூர் ஏரியில இருந்து வந்திருக்கும். சர்வேயர் அதையும் போட்டோ எடுத்தாரு. க்ளைம்ல அதுக்கு மதிப்பு போடலை.

நல்ல மனுஷன். செருப்பைக் கையில பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு மெஷினாப் பார்த்தாரு. கேட்டது மூணே கேள்வி. இந்த மெஷினைப் புதுசா வாங்க இன்னைக்கு எவ்வளவு ஆகும்? இந்த ஷெட் பாலிசியில எங்க இருக்கு? இந்தக் காஸ்டிங் (வார்ப்புத் துண்டு) யாரோடது?

மூணுக்கும் என்கிட்ட நல்ல பதில் இல்லை.

28.1.2024, கொஞ்ச நேரம் கழிச்சு
முதல் கேள்வி. பேங்க் மெஷினரிக்குப் போட்டிருந்த தொகை 22 லட்சம். ஏன் 22? அப்ப நின்ன லோன் பாக்கி அவ்வளவுதான். என் மூணு லேத், வி.எம்.சி. (கம்ப்யூட்டர்ல ஓடுற மில்லிங் மெஷின்), கிரைண்டர் எல்லாம் இன்னைக்குப் புதுசா வாங்கினா 40 லட்சம். அப்ப 55 சதவீதத்துக்குத்தான் நான் காப்பீடு செஞ்சிருக்கேன், மீதி 45 சதவீதத்துக்கு நானே பொறுப்பு. நஷ்டம் 6.20 லட்சம்னு அவர் ஒத்துக்கிட்டார்னா கைக்கு வர்றது அதுல 55 சதவீதம். ஆவரேஜ்னு சொல்வாங்க.

ஆனா பாலிசியில 15 சதவீதம் வரைக்கும் குறைவைக் கண்டுக்க மாட்டோம்னு இருக்கு. அதனால 55-ஓட 15 சேர்த்து 70 சதவீதம், 4.34 லட்சம் வரும்னு கணக்குப் போட்டு வச்சிருக்கேன்.

2.2.2024
சின்ன நஷ்டத்துக்கும் இந்த ஆவரேஜ் வெட்டு உண்டான்னு கேட்டவருக்கு: ஆமா, உண்டு. முழு எரிஞ்சு போனாத்தான் ஆவரேஜ்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. தலைகீழ். 40 லட்சம் மெஷின்ல ஒரே ஒரு மோட்டார் போனாலும் அதே விகிதத்துலதான் வெட்டுவாங்க. "அவ்வளவு பெரிய நஷ்டம் வராது, 22 லட்சம் போதும்"னு நினைக்கிறதுல ஓட்டை இங்கதான்.

9.2.2024
மாதவரம் பேக்கரிக்காரர் கேட்டது: ஓவன்ல ஷார்ட் சர்க்யூட் ஆகி ஓவனே போச்சு, தீ பரவலை, கிடைக்குமா? கிடைக்காது அண்ணே. ஷார்ட் ஆன மின் சாதனத்துக்கு மட்டும் ஃபயர் பாலிசி தராது. அதுல இருந்து தீ பரவி மாவு மூட்டை எரிஞ்சிருந்தா மூட்டைக்குத் தரும். மெஷின் தானாப் பழுதானா மெஷினரி பிரேக்டவுன்னு தனி பாலிசி. ஏஜென்ட் சொன்ன ஆறுல அது ஒண்ணா இருக்கும்.

திருட்டும் இப்படித்தான். வெள்ளம், தீ நடந்த ஏழு நாளுக்குள்ள அதைத் தொட்டு நடந்த திருட்டுதான் இதுல வரும். சாதா திருட்டுக்கு பர்க்ளரி தனி. அதுலயும் பூட்டை உடைச்ச, ஷட்டரை நெம்பின தடயம் கேட்பாங்க. நம்ம பையனே சாவி போட்டுத் திறந்து பித்தளை டர்னிங்கை அள்ளிட்டுப் போனா அதுக்கு ஃபிடெலிட்டி கேரன்டின்னு இன்னொண்ணு. (எங்க ஏரியாவுல பித்தளைத் தூள் திருட்டை யாரும் திருட்டுன்னே சொல்றதில்லை. டீ செலவும்பாங்க.)

17.3.2024
ஈ.எஸ்.ஐ. இல்லாத இடத்துத் தலைவலிக்குத் தனியா வர்றேன்னு சொன்னேன்ல, அந்தக் கணக்கு.

ஈ.எஸ்.ஐ. இருந்தா, அடிபட்டவர் அங்க வைத்தியம் பார்த்துப்பார், இழப்பீடும் அங்கதான், முதலாளிகிட்ட தனியாக் கேட்க முடியாது. ஈ.எஸ்.ஐ. இல்லைன்னா 1923 சட்டம், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், நேரா நம்ம சட்டைப் பையைத் தேடி வரும். போன வாரம் பக்கத்து பட்டறையில பவர் பிரஸ்ல ஒரு பையனுக்கு ஆள்காட்டி விரல் முழுசாப் போச்சு. வயசு 30. கணக்கு இப்படி: சம்பளம் 15,000-க்கு மேல எவ்வளவு இருந்தாலும் மாசம் 15,000-ன்னுதான் எடுப்பாங்க. அதுல 60 சதவீதம் 9,000. 30 வயசுக்கு உள்ள காரணி 207.98. பெருக்கினா 18,71,820. முழு ஆள்காட்டி விரலுக்குச் சட்டத்துல 14 சதவீதம். ஆக 2,62,055 ரூபாய். இறப்புன்னா 50 சதவீதம், அதே வயசுக்கு 15,59,850.

ஒரு மாசத்துக்குள்ள கட்டலைன்னா 12 சதவீதம் வட்டி. சரியான காரணம் இல்லாம இழுத்தடிச்சா பாதி வரைக்கும் அபராதம்.

அந்த முதலாளிகிட்ட இந்த இழப்பீட்டுக்குன்னு எடுக்கிற டபிள்யூ.சி. பாலிசி இல்லை. எட்டு பேர் வச்சிருந்தார். பத்தாவது ஆளை எடுக்காம இருக்கிறதுதான் சாமர்த்தியம்னு என்கிட்டயே சொல்லியிருக்கார். மனைவி நகையை வச்சுத்தான் ஆஸ்பத்திரி பில் கட்டினார்.

18.3.2024
அன்னைக்கு ராத்திரியே என் டபிள்யூ.சி. பாலிசியை எடுத்துப் பார்த்தேன். இருக்கு. ஆனா மருத்துவச் செலவு அதுல இல்லை. 2009 திருத்தத்துக்குப் பிறகு மருத்துவச் செலவையும் முதலாளிதான் முழுசாக் கொடுக்கணும். பாலிசியில அதைக் கேட்டு, கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்கணும். நாலு வருஷமா இல்லாம ஓட்டியிருக்கேன். அப்புறம் ஆள் பேரு: ரெண்டு ஹெல்பரை லிஸ்ட்ல போடவே இல்லை. ஒருத்தர் இப்பத்தான் ஒடிஷாவுல இருந்து வந்தார், சரி. இன்னொருத்தர் மூணு வருஷமா என்கூட இருக்கிறவர்.

ஏஜென்ட் காசு பிடுங்குறாரோன்னு கேட்டீங்கல்ல தம்பி, ஆறுல இந்த ஒண்ணை முதல்ல எடுங்க. மெஷின் போனா கடன் வாங்கி ஓட்டலாம்.

11.5.2024
செட்டில்மென்ட் வந்துச்சு. என் 70 சதவீதக் கணக்கு தப்பு. மேல ஜனவரி 28-ல எழுதினதை யாரும் நம்பாதீங்க, அழிக்காம விட்டு வைக்கிறேன்.

15 சதவீதம்னா, குறைவு 15 சதவீதத்துக்குள்ள இருந்தா கண்டுக்க மாட்டாங்கன்னு அர்த்தம். 40 லட்சத்துக்கு 34 லட்சம் போட்டிருந்தா தப்பிச்சிருப்பேன். 22 போட்ட எனக்கு அந்தச் சலுகையே கிடையாது, முழுக் குறைவையும் வெட்டிட்டாங்க. 6.20 லட்சத்துல 55 சதவீதம் 3.41 லட்சம். நான் எதிர்பார்த்ததுக்கும் இதுக்கும் 93,000 வித்தியாசம். அதுலயும் பாலிசியில இருக்கிற எக்ஸஸ், அதாவது நாமளே ஏத்துக்க வேண்டிய தொகை, கழிஞ்சு வந்துச்சு. பணம் எனக்கு வரலை, நேரா லோன் கணக்குக்குப் போச்சு. பாலிசியில பேங்க் பேரு இருந்தா அப்படித்தான். மேனேஜர்கிட்ட நின்னு, ரிப்பேர் பில்லைக் காட்டி, திரும்ப வாங்கினேன். அதுக்கு மூணு வாரம்.

12.5.2024
சர்வேயர் கேட்டதுல ரெண்டாவது (ஷெட் பாலிசியில எங்க), மூணாவது (காஸ்டிங் யாரோடது) கேள்வி.

2021-ல பக்கத்து ஷெட்டை வாடகைக்கு எடுத்தேன். நடுச்சுவத்துல ஒரு வாசல் இடிச்சுட்டோம், எனக்கு ரெண்டும் ஒரே பட்டறைதான். ஜி.எஸ்.டி.யில கூடுதல் இடமாச் சேர்த்தேன், ஈ.பி. சர்வீஸ் தனியா வாங்கினேன். பேங்க்குக்கும் இன்சூரன்ஸுக்கும் சொல்லலை. பாலிசியில பழைய ஷெட் நம்பர் மட்டும்தான். புது ஷெட்ல இருந்த சரக்கு முழுக்க ஔட். வாசல் இருக்குன்னு காட்டினேன். "வாசல் பாலிசியில இல்லையே சார்"ன்னாரு.

மூணாவதுதான் ரொம்ப வலிச்சது. அங்க இருந்த காஸ்டிங் என்னோடது இல்லை. கஸ்டமர் டி.சி. (டெலிவரி சலான்) போட்டு, லேத்ல கடைஞ்சு கொடுக்கச் சொல்லி அனுப்பினது. ஜாப் ஒர்க் பண்ற யார் பட்டறையிலயும் தரையில கிடக்கிறதுல பாதிக்கு மேல அடுத்தவன் சரக்குதான். என் பாலிசியில "சரக்கு"ன்னா என் சொந்தச் சரக்கு. நம்பிக்கையின் பேர்ல வச்சிருக்கிற அடுத்தவர் சரக்குன்னு தனியாச் சொல்லிச் சேர்த்திருக்கணும். சேர்க்கலை. அட்ரஸ் சரியா இருந்திருந்தாலும் கிடைச்சிருக்காது. கஸ்டமர் 1.38 லட்சத்துக்கு டெபிட் நோட் போட்டார். பதினோரு வருஷ உறவு, மாசம் 15,000-ஆ பில்லுல கழிச்சுக்கிட்டிருக்கார். அவருக்கும் இன்சூரன்ஸ் இருந்துச்சு, அவர் ஃபேக்டரிக்குள்ள இருக்கிற சரக்குக்கு.

14.5.2024
ஆடிட்டர் இன்னொண்ணு கிளப்பினார். வெள்ளத்துல அழிஞ்ச என் சொந்த ராடுக்கு வாங்கினப்ப எடுத்த ஜி.எஸ்.டி. கிரெடிட்டைத் திருப்பணுமாம். அழிஞ்ச, திருடு போன சரக்குக்குக் கிரெடிட் கிடையாது. அப்ப நஷ்டம் வரியோட சேர்த்துத்தானே? சரக்குக்குத் தொகை போடும்போது வரியையும் சேர்த்துப் போடுங்க. நான் போடலை, வழக்கம்போல.

20.6.2024
"ஓம்பட்ஸ்மேன்கிட்ட போங்க சார்"னு நாலு பேர் எழுதியிருக்கீங்க. இன்சூரன்ஸ் கம்பெனி மேல உள்ள புகாரை விசாரிக்கிறவர் அவர். போகலாம். தனி உரிமையாளர், குறுந்தொழில் எல்லாருக்கும் அந்த வழி உண்டு. பீஸ் கிடையாது, வக்கீல் வேணாம், ஆபீஸ் தேனாம்பேட்டை அண்ணா சாலையில. ஆனா முதல்ல கம்பெனியோட குறைதீர் பிரிவுக்கு எழுதி ஒரு மாசம் பார்க்கணும்.

எழுதினேன். மூணு விஷயம் கேட்டேன். ரீவைண்டிங் பண்ண மோட்டார்களுக்குத் தேய்மானம்னு 56,000 கழிச்சிருந்தாங்க. மெஷினரிக்கு என் பாலிசி புதுசுக்குப் புதுசு கணக்கு, தேய்மானம் எப்படி வரும்னு அந்த வரியைக் காட்டினேன். ஒத்துக்கிட்டாங்க. கைக்கு வந்தது 30,800, அதுலயும் 55 சதவீதம்தான். அட்ரஸும் காஸ்டிங்கும் முடியாதுன்னுட்டாங்க. அதுக்கு ஓம்பட்ஸ்மேன்கிட்ட போய் என்ன சொல்றது? நான் சொல்லாம விட்டதை அவங்க ஏன் தரலைன்னா? போகலை.

3.7.2024
ஆவடி தம்பி கேட்டது: 23 நாள் பட்டறை மூடியிருந்துச்சே, அந்த வருமானம்? அது இதுல கிடையாது. லாப இழப்புக்குத் தனி பாலிசி இருக்கு. சம்பளம் கொடுத்தேன், இ.எம்.ஐ. போச்சு. எடுக்கலாமான்னு இன்னும் யோசனைதான். கணக்குப் புத்தகம் ஒழுங்கா இருக்கணும் அதுக்கு. நம்ம ஆட்கள் பாதி பேர் லாபத்தை வருமான வரிக்கு ஒரு மாதிரி காட்டிட்டு, க்ளைமுக்கு வேற மாதிரி காட்டணும்னு நினைப்போம். அது நடக்காது.

8.11.2024
ரெனியூவல். இந்தத் தடவை பேங்க்கை விடச் சொல்லிட்டு நானே எடுத்தேன். பேங்க் பேரு மட்டும் அதுல இருந்தாப் போதும்னு மேனேஜரும் ஒத்துக்கிட்டார். ஞாயிற்றுக்கிழமை நோட்டோட பட்டறை முழுக்க நடந்தேன். பெண்ணையும் கூட்டிட்டுப் போனேன், அவ எழுத நான் சொல்ல. பரண்ல இருந்த கேஜ், மைக்ரோமீட்டர், ஃபிக்ஸ்சர் மட்டும் கூட்டினா 3 லட்சத்துக்கு மேல வந்துச்சு. எந்த லிஸ்ட்லயும் அது இருந்ததே இல்லை. "அப்பா, இதெல்லாம் உங்க சொத்தா, பழைய இரும்பா?"ன்னா.

மெஷினரி 41 லட்சம், டூல்ஸ் தனி, சொந்தச் சரக்கு வரியோட, அடுத்தவர் சரக்கு 4 லட்சம். ரெண்டு ஷெட் நம்பரும். பழைய பிரீமியம் நாலாயிரத்துச் சொச்சம், இது அதை மாதிரி ரெண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல. பணம் போய்ச் சேர்ந்த பிறகுதான் பாதுகாப்பு ஆரம்பிக்கும், செக் திரும்பினா பாலிசி வெறும் காகிதம். அதனால ஆன்லைன்ல கட்டி ரசீதைப் பிரிண்ட் எடுத்தேன்.

19.11.2024
பாலிசி வந்துச்சு. தொகையெல்லாம் சரி. அடுத்தவர் சரக்கு வரி இருக்கு. ஷெட் நம்பர்ல "ஏ" விட்டுப் போச்சு. 'ஏ' இல்லாத நம்பர் எங்க தெருவுல உண்மையாவே இருக்கு, ஊறுகாய் கம்பெனி. அவங்க ஊறுகாய்க்கு நான் பிரீமியம் கட்டியிருக்கேன். திருத்தம் கேட்டு மெயில் போட்டாச்சு.

29.11.2024
ஃபெஞ்சல்னு பேர் வச்சிருக்காங்க. கழட்ட முடிஞ்ச மோட்டாரையெல்லாம் சாயங்காலமே பரணுக்கு ஏத்திட்டோம், ஹெல்பர் பையன் மூணு நடை. கஸ்டமர் காஸ்டிங் எல்லாம் பலகை அடுக்கி மேல வச்சாச்சு, டி.சி. காப்பியைப் பாலித்தீன் கவர்ல போட்டு வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டேன். சுவத்துல போன வருஷக் கோடு இன்னும் இருக்கு, பெயின்ட் அடிக்க விடலை.

எண்டார்ஸ்மென்ட், அதாவது ஷெட் நம்பரைத் திருத்தின பேப்பர், இன்னும் வரலை. மத்தியானம் மூணு தடவை போன் பண்ணேன். "சிஸ்டம்ல மாத்திட்டோம் சார், பேப்பர் திங்கட்கிழமை"ன்னாங்க. மாத்திட்டோம்னதை மெயில்ல ஒரு வரி எழுதி அனுப்புங்கன்னு கேட்டு வாங்கிட்டேன். 6.42-க்கு வந்துச்சு. "ஏ" இருக்கு.